நிறுத்தக் கூடாத குளிசை

குளிசைக் கார்டிலிருந்து ஒரு குளிசையை அமுக்கி வெளியே எடுக்க என் விரல்களால் முடியாது. கேட்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. சாவியைத் திருப்ப முடியாது என்றால் "ஐயோ" என்பார்கள். குளிசை எடுக்க முடியாது என்றால் "கத்தரிக்கோலால் வெட்டுங்களேன்" என்பார்கள். கத்தரிக்கோலையே பிடிக்க முடியாதவளுக்குச் சொல்லும் யோசனை அது. ஆகவே எங்கள் வீட்டில் குளிசை எடுப்பது என் கணவரின் வேலை. காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் எடுத்து என் உள்ளங்கையில் போடுவார். மத்தியானத்துக்கு உரியதை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டுப் போவார். இரவுக்கு உரியதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தருவார். கையில் விழுந்ததை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதோடு என் பங்கு முடிந்தது. எது எதற்கான குளிசை என்று நான் பார்ப்பதில்லை. இதை முதலில் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது எவருக்கும் விளங்காது.

என் நோயின் பெயர் சிஸ்டமிக் ஸ்க்ளெரோசிஸ். தோல் தடித்து இறுகும் நோய் என்று தமிழில் சொல்லலாம், ஆனால் அது பாதி உண்மைதான். கொழும்பு கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க் வேலை பார்த்து வந்தேன். எங்கள் ஒபிஸில் ஏசி நடுங்க வைக்காவிட்டால் மனேஜருக்கு வேலை ஓடாது. அங்கேதான் ஒருநாள் கீபோர்டில் இருந்த என் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகின. பிறகு நீலம், பிறகு சிவப்பு. பக்கத்து மேசைக்காரி சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். நானும் சிரித்தேன். சில மாதங்களில் விரல்கள் வீங்கி, வீக்கம் வற்றியபோது தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டது. பிறகு வாய் சுருங்கியது. ஒரு மீன் பணிஸை, மாலுபாணைக் கடிக்க வாய் திறக்காது. பிய்த்துப் பிய்த்துத்தான் தின்ன வேண்டும்.

முகத்துச் சுருக்கம் எல்லாம் மறைந்துபோனதுதான் இதில் பெரிய பகிடி. கணவரின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் மூன்று பெண்கள் என்னைச் சுற்றி வளைத்து, "சொல்லுங்கோ மச்சாள், என்ன கிறீம் பூசுறீங்கள்? ஒளிக்காதேங்கோ" என்றார்கள். நோய் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. கொட்டாஞ்சேனைக்காரி கள்ளி, கிறீமின் பெயரைச் சொல்லமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், கத்தோலிக்கப் பிள்ளை, அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். என் கணவர் யாழ்ப்பாணம், சைவம், வெள்ளவத்தையில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கணக்காளர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணத்தின்போது அவர் குடும்பத்தில் எனக்காக வாய் திறந்து பேசியவர் ஒரே ஒருவர்தான்: அவருடைய அக்காவின் கணவர், லண்டனில் டொக்டராக இருக்கிற அத்தான். "வேதக்காரியெண்டால் என்ன, பிள்ளை நல்ல பிள்ளை" என்று அவர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் மாமி சமாதானமானார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. இருப்பதுதான் தொல்லை.

தோல் என்பது வெளியில் தெரிகிற பகுதி மட்டும் என்று ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் என்னைப் பார்க்கும் டொக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அவர் சிங்களப் பெண், என்னைவிட இளையவர், வேகமாகப் பேசுவார். உள்ளே சின்ன இரத்தக் குழாய்களிலும் இதே தடிப்பு வரலாம், சிறுநீரகத்தில் வந்தால் ஆபத்து, பிரஷரைப் பார்த்துக்கொண்டே இரு என்றார். இவரிடம் வருமுன், மூட்டு வலிக்காக வேறொருவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டி, அவர் தந்த ஸ்டீரொய்ட் குளிசையைக் கொஞ்சக் காலம் போட்டு வந்தேன். அப்போது இந்த நோய்தான் என்று யாருக்கும் தெரியாது. அதைப் போட்ட நாட்களில் படியேறி இறங்கி ஓடித் திரிந்தேன். இவரோ முகத்தைச் சுளித்து, இந்த நோய்க்காரருக்கு அது கூடினால் சிறுநீரகத்துக்குக் கூடாது என்று மெல்ல மெல்லக் குறைத்தார்.

வெள்ளவத்தையில் பிரஷர் மெஷின் இல்லாத தமிழ் வீடு இல்லை. எல்லாம் வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் வந்தவை. எங்களுடையது லண்டன் அத்தான் கொண்டுவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பும்போதே தலையிடி. பேப்பரை எடுத்தால் எழுத்து நீந்தியது. மூக்குக்கண்ணாடி பழசாகிவிட்டது என்று நினைத்தேன். கணவர் மெஷினைக் கட்டிப் பார்த்தார். இருநூற்றுக்கு மேல் காட்டியது.

"மெஷின் பழுது போலக் கிடக்கு" என்றார். பற்றரி மாற்றினார். மறுபடி இருநூறு. தன் கையில் கட்டிப் பார்த்தார், சரியாகக் காட்டியது. என் மற்றக் கையில் கட்டினார். அதிலும் இருநூறு.  "உம்மடை கை ரெண்டும் இறுகிக் கிடக்கிறபடியால் பிழையாக் காட்டுதோ தெரியேல்ல" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு மூன்றாம் முறை பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. அப்போதுதான் ஓட்டோவைக் கூப்பிட்டோம்.

வார்ட்டில் டொக்டர் என் கட்டிலின் ஓரத்தில் இருந்து விளங்கப்படுத்தினார். சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினார். நீங்கள் இருப்பது ஃபிளாட்டில்தானே, என்றார். குழாய் அடைத்துக்கொண்டு மேல்மாடிக்குத் தண்ணீர் வரவில்லை என்று வையுங்கள். மேல்மாடிக்காரர் கீழே பார்த்து "மோட்டரைப் போடு, இன்னும் போடு" என்று கத்துகிறார். கீழே இருப்பவன் போட்டுக்கொண்டே இருக்கிறான். அமுக்கம் கூடுகிறது, குழாய் இன்னும் பழுதாகிறது, தண்ணீர் இன்னும் குறைகிறது, அவர் இன்னும் கத்துகிறார். உன் சிறுநீரகம்தான் அந்த மேல்மாடிக்காரர். நான் தருகிற குளிசை அவருடைய வாயைப் பொத்தும். மூன்று நேரமும் போட வேண்டும்.

அதுவரைக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு சொன்னதுதான் என் மூளையில் ஏறவில்லை. கிரியேட்டினின் என்று ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது கூடினால் சிறுநீரகம் பழுதாகிறது என்று அர்த்தம். இந்தக் குளிசையைத் தொடங்கினால் அது கொஞ்சம் கூடலாம், பயப்படாதே, விடாமல் போடு என்றார். நான் கேட்டேன்: சிறுநீரகத்தைக் காப்பாற்றும் குளிசை என்றால் எப்படிச் சிறுநீரகப் பரிசோதனை மோசமாகும்? அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் விளங்கவில்லை. குளிசை போட்டால் கூடும், போடாவிட்டால் அதைவிடக் கூடும். ஆனால் கூடியது போட்டதாலா நோயாலா என்பதைப் பரிசோதனை சொல்லாது. எனக்குத் தலை சுற்றியது, அது பிரஷரால் சுற்றியதா இந்தக் கதையால் சுற்றியதா என்றும் தெரியவில்லை.

டொக்டர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். "மேக்க நவத்தன்ன எப்பா" என்றார். இதை நிறுத்தக் கூடாது. கணவர் சரி என்று தலையை ஆட்டினார். என் கணவர் இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் சிங்களம் பேச வேண்டிய இடத்தில் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பவர். ஆனால் விளங்கும். இதுவும் நன்றாகவே விளங்கியது.

பிரஷர் இறங்கியபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒபிஸில் லீவு போட்டேன். கிழமைக்கு ஒருமுறை கிளினிக், அதற்கு முதல் நாள் இரத்தப் பரிசோதனை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டொக்டரிடம் போகுமுன் அது வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்குப் போகும். ரொறொன்ரோவில் ஒருவர் இருமினால் சிட்னியில் ஒருவர் கஷாயம் சொல்லுவார். இறுதித் தீர்ப்பு லண்டன் அத்தானுடையது. அவர் எலும்பு டொக்டர். மாமியின் முழங்காலுக்கு அவர் சொன்னபடி செய்ததில் மாமி கடைசிவரை நடந்து திரிந்தார். ஆகையால் முழங்காலில் தொடங்கிய அந்தச் செல்வாக்கு மெல்ல மெல்ல மேலே ஏறி, எங்கள் உடம்பில் அவருக்குத் தெரியாத உறுப்பே இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தது.

முதல் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் கூடியிருந்தது. டொக்டர் சொன்னபடிதான். கணவர் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். கைகூப்பிய படங்களும் "முருகா" என்ற சொல்லும் வந்து விழுந்தன. பிறகு நான் குளிக்கப் போன நேரத்தில் அத்தான் நேரே அழைத்திருக்கிறார். அது எனக்குப் பிந்தித்தான் தெரியும். என்ன சொன்னார் என்பதைக் கணவர் பிறகு எத்தனையோ முறை எனக்கு ஒப்புவித்ததால் அருகில் இருந்து கேட்டதுபோலவே இருக்கிறது.

"தம்பி, உந்தக் குளிசையை ஆர் குடுத்தது? கிரியேட்டினின் ஏறேக்கை இஞ்ச நாங்கள் முதல் வேலையா அதைத்தான் நிப்பாட்டுவம். கிட்னியை அது அடிச்சுப்போடும். பிரஷருக்கு வேற குளிசை இருக்கு. பேர் அனுப்புறன், அதைக் குடு."

"நிப்பாட்ட வேண்டாமெண்டு அந்த டொக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னவா அத்தான்."

"நான் சொல்லுறன்."

இந்த இடத்தில் நிற்கிறேன், ஏனென்றால் கோபப்பட வசதியான இடம் இதுதான், ஆனால் கோபம் முழுசாக வர மறுக்கிறது. அத்தான் சொன்னது புத்தகப்படி சரி என்று எங்கள் டொக்டரே பிறகு சொன்னார். வேறு எந்த நோயாளிக்கும் அதைத்தான் செய்திருப்பார்களாம். என் நோய்க்கு மட்டும் அது தலைகீழ். பெரும்பாலான டொக்டர்மார் வாழ்க்கை முழுக்க இப்படி ஒரு கேஸைக் காணமாட்டார்களாம். சரியாகப் படித்த மனிதர், என்னில் அக்கறை உள்ள மனிதர், சரியானதைச் சொல்லி என்னைக் கிடத்திவிட்டார். இதில் யாரைப் பிடித்து உலுப்புவது?

கணவர் அன்றிரவே குளிசையை மாற்றினார். புதியதும் வெள்ளை, சின்னது, வட்டம். காலையிலும் இரவிலும் அதைத் தந்தார். அதற்கு மத்தியான வேளை இல்லை. கிண்ணம் வெறுமையாக இருந்தால் நான் கேட்பேன் என்று அதில் ஒரு விற்றமின் குளிசையைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒபிஸில் ஒரு நாள் சும்மா லீவு எடுக்கக்கூடத் தலைவலி என்று சொல்ல நாக்குத் தடுக்கும். அவர் ஒவ்வொரு காலையும் அந்தக் கிண்ணத்தை மூடும்போது என்ன நினைத்திருப்பார்?

அடுத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் இறங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம். கொட்டாஞ்சேனையிலிருந்து என் தங்கச்சி வந்தாள், வரும் வழியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு. கணவர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். குழுவில் அத்தான் ஒரு பெருவிரல் படம் மட்டும் போட்டார். கிளினிக்கில் டொக்டரும் சிரித்தார். "பார்த்தாயா, குளிசை வேலை செய்கிறது, விடாமல் போடு" என்றார். நான் பக்கத்தில் நின்ற கணவரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

அந்த இறக்கமும் ஏமாற்றுத்தான். அந்தக் குளிசையை நிறுத்தினால் முதலில் கொஞ்சம் இறங்குவதுண்டு என்று பிறகு டொக்டர் சொன்னார். மேல்மாடிக்காரர் திரும்பவும் கத்தத் தொடங்கிவிட்டார், ஆனால் அந்தச் சத்தம் பரிசோதனையில் வர நாளாகும். நல்லது கெட்டது போலவும் கெட்டது நல்லது போலவும் வருகிற நோயை மனுஷர் எப்படிப் புரிந்துகொள்வது? எனக்கு இப்போதும் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தேன். பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் அதைத் திருப்பி என் பெயரைச் சரிபார்த்தார். அவர் முகத்தில் குழப்பத்தை அன்றுதான் முதலில் கண்டேன்.

"குளிசை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறாய்தானே?"

"ஒண்ணுகூட விடல டொக்டர்" என்று அடித்துச் சொன்னேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் அளவைக் கூட்டி எழுதினார். இல்லாத குளிசையின் அளவு கூடியது.

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் கணவருக்கு வியர்த்துக் கொட்டியது. "என்னப்பா, உங்களுக்கும் பிரஷரா?" என்று பகிடிவிட்டேன். அவர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். வந்ததும் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பதும், பிறகு ஆட்டாமல் நிற்பதும் தெரிந்தது. மறுமுனையில் லண்டன் அத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு மறுநாள் காலை, பல் தீட்டிக்கொண்டு நின்ற நான் மூச்சு எடுக்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டேன்.

அம்புலன்ஸ் வந்தது நினைவில்லை. ஒட்சிசன் முகமூடி நினைவிருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா வேலை முடிந்து வருகிற நேரமாகிவிட்டது, அரிசி போடவில்லை என்று நேர்ஸிடம் சண்டை பிடித்தேனாம். பிரஷர் மூளைக்கு ஏறினால் அப்படித்தானாம். அந்தக் கலக்கத்துக்குள் ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. டொக்டர் கட்டிலின் காலடியில் நின்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்: இவ்வளவு குளிசைக்கும் ஏன் பிரஷர் இறங்கவில்லை, இப்படி நடக்கக் கூடாதே, எங்கே பிழை? அப்போது என் கணவரின் குரல் கேட்டது. சிங்களத்தில். என்னை முன்னால் தள்ளாமல்.

"மம தமய் நவத்துவே."

நான்தான் நிறுத்தினேன். உச்சரிப்பு படுமோசம்.  டொக்டர் அவரை ஏசவில்லை. "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. பழைய குளிசை திரும்பி வந்தது. ஆனால் சிறுநீரகங்கள் இரண்டும் அதற்குள் கையை விரித்திருந்தன. கழுத்தில் குழாய் போட்டு டயலிசிஸ் தொடங்கினார்கள்.

மனம் தெளிந்த பிறகு, பக்கத்தில் ஸ்டூலில் இருந்தவரிடம் கேட்டேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் நீர் குழம்பிப் போவீர் எண்டு நினைச்சன்."

"நான் எப்பவோ குழம்பித்தான் கிடக்கிறன். கூட ஒரு ஆள் இருந்திருக்கலாமே."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இந்த நோயில் கண்ணீரும் வற்றுமாம். அது ஒரு வசதி.

தங்கச்சிக்குக் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "அக்கா, நான் சொல்றதக் கேளு. அந்த மனுஷன் உன்ன ஏமாத்தினாரு. டொக்டர் வேணாம்னு சொன்னதச் செஞ்சாரு, கிண்ணத்துல வேற எதையோ போட்டு வச்சாரு. நாங்க செஞ்சிருந்தா அவங்க குடும்பம் சும்மா விட்டிருக்குமா? நீ வீட்டுக்கு வந்துடு" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.  உண்மையைச் சொன்னால், அவள் கொண்டுவந்த சூப்பில் உப்பு இல்லை என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது. டயலிசிஸ்காரருக்கு உப்பில்லாமல்தான் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் அவளோடு அதற்காகச் சண்டை பிடித்தேன். அவளோடு பிடிக்க முடிந்த சண்டை அது.

லண்டன் அத்தான் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு நேரே போன் எடுத்தார்.  "பிள்ளை, நான் இப்பிடி ஒரு கேஸும் கண்டதில்லை. கண்டதில்லை எண்டு சொல்லியிருக்க வேணும்" என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை அத்தான் என்று சொல்ல வாய் வந்தது; ஆனால் அது பரவாயில்லாத காரியம் இல்லையே என்று நிறுத்திக்கொண்டேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் வேறு ஒன்றும் சொல்ல முடியாதபோது கேட்பது அதைத்தானே.

ஒருநாள் டொக்டர் தனியாக இருந்தபோது என் கேள்வியைக் கேட்டேன். அந்தக் குளிசையை நிறுத்தியதால்தான் இது நடந்ததா? அவர் என் ஃபைலை மூடி வைத்தார். நிறுத்தாமல் போட்டிருந்தாலும் சிலருக்கு இப்படி நடப்பதுண்டு. முன்பு போட்ட ஸ்டீரொய்டும் ஒரு கை கொடுத்திருக்கலாம். நோய் மட்டுமேகூட இதற்குப் போதும். நிறுத்தியது நல்லதில்லை, அது நிச்சயம். ஆனால் அதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது என்றார். ஒரு ஆம், அல்லது ஒரு இல்லை கிடைத்தால் நான் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கும். ஆம் என்றால் கொட்டாஞ்சேனைக்குப் போயிருப்பேன். இல்லை என்றால் மன்னித்திருப்பேன். இரண்டும் இல்லாமல் வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சில நாள் அவருடைய தேத்தண்ணியைக் குடிக்கும்போது அன்பு பொங்கும். அதே கோப்பையைக் கழுவ வைக்கும்போது, பல்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற முதுகு நினைவுக்கு வந்து கோப்பையை எறியத் தோன்றும். வீட்டுக்கு வந்த பிறகும் குளிசையை அவர்தான் எடுத்துத் தந்தார். வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் இப்போது நான் கார்டைப் பார்க்கக் கேட்டேன். அவரே பெயரை வாசித்துக் காட்டுவார், எழுத்துக்கூட்டி, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி. அது எனக்குத் திருப்தியாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

பிறகு ஒருநாள் தன்னுடைய சிறுநீரகத்தைத் தரப்போவதாகச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். அதற்குள் இரத்த வகை பார்த்து முடித்திருந்தார், பொருந்தியது. டொக்டரிடம் இருவருமாகப் போனோம். டொக்டர் வேண்டாம், பொறுங்கள் என்றார். இந்த நோயில் படுத்த சிறுநீரகம் மாதங்கள் கழித்து, சிலவேளை அதற்கும் மேலே கழித்து, தானாக எழும்புவதுண்டு. அந்தக் குளிசையை விடாமல் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மாற்றக் கூடாது. இதைக் கேட்டு நான் சிரித்தேன். வேலையே செய்யாத சிறுநீரகத்தைக் காப்பாற்ற, அதைக் கெடுப்பதுபோலத் தெரியும் குளிசையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். சரி என்றேன்.

என் கணவருக்குச் சரிப்படவில்லை. "அவா சும்மா ஆறுதலுக்குச் சொல்லுறா. எழும்பாது. எனக்குத் தெரியும்" என்றார். காத்திருக்கச் சொன்ன காலத்தை அவர் தயாராவதற்கு எடுத்துக்கொண்டார். காலையில் கடற்கரையோடு, ரயில் பாதை ஓரமாக நடக்கத் தொடங்கினார். வேலை முடிந்து வரும்போது காலி வீதியில் நின்று தின்கிற ரோல்ஸ், வடை எல்லாவற்றையும் விட்டார். தொந்தி இறங்கியது. உப்பைக் குறைத்தார். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களோடு எடுக்கிற ஒரு கிளாஸையும் விட்டார். அவர்கள் கேட்டால், "இது என்ரை இல்லை, அவவின்ரை சாமான், பழுதாக்கக் கூடாது" என்பாராம். ஒருமுறை தடிமன் காய்ச்சல் வந்தபோது பனடோல் போடலாமா என்று மூன்று பேரிடம் கேட்டார். தன் வயிற்றுக்குள் என் பொருளை வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறாரா? வாங்கிக்கொண்ட பிறகு நான் கோபப்படலாமா, கூடாதா? என் உடம்புக்குள்ளேயே அவர் வந்து இருந்துவிட்டால், பல்கனிக் கதவைச் சாத்தியது பற்றி நான் யாரிடம் கேட்பது? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. பொட்டாசியம் குறையட்டும் என்று மரக்கறியை இரண்டு தரம் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு எனக்குக் கறி வைத்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

டயலிசிஸ் தொடங்கியபின் எனக்குச் சலம், அதாவது சிறுநீர், போவது நின்றிருந்தது. சில மாதங்கள் கழிய, கொஞ்சம் போனது. டொக்டர் ஒரு அளவுக் கோப்பை தந்து அளந்து வரச் சொன்னார். கோப்பையின் அடியில் கிடந்தது, பிறகு கால்வாசி, பிறகு ஒருநாள் நிரம்பி வழிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இறங்கினால் ஏறும், ஏறினால் இறங்கும் என்று பட்டவள் நான். என் கண்ணால் கண்டதையே நம்பப் பயமாக இருந்தது. இரத்தப் பரிசோதனைகளும் மெல்ல இறங்கின. டொக்டர் டயலிசிஸைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். பிறகு, கணவர் ஒபிஸில் மாட்டிக்கொண்டதால் நான் தனியாகப் போன ஒரு கிளினிக்கில், நிறுத்திப் பார்ப்போம் என்றார். இம்முறை நிறுத்தலாம் என்று சொன்னது டொக்டரேதான் என்பதை உறுதிசெய்ய நான் இரண்டு முறை கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முழுதாகத் திரும்பாது, ஆனால் உன் சிறுநீரகம் உனக்குப் போதும் என்றார்.

ஓட்டோவில் வரும்போது பம்பலப்பிட்டி தாண்டும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு சந்தோஷம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம், ஓட்டோக்காரரிடமே சொல்லிவிட்டேன். அவர் சிங்களத்தில் வாழ்த்தினார். மாடிப்படியில் நின்று நின்று ஏறினேன்.

கணவர் அப்போதுதான் வேலையால் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். டயலிசிஸ் இல்லை. ஒப்பரேஷன் இல்லை. என்னுடையதே எழும்பிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். கை, தானாகப் போய் விலா எலும்புக்குக் கீழே இடுப்பில் நின்றது.

"அப்ப இது வேண்டாமோ?" என்றார்.

"வேண்டாம்."

"ஒருக்காலும் வேண்டாமோ?"

பதில் சொல்லுமுன் அவர் கட்டிலில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார். சந்தோஷத்தில் அழும் அழுகை எனக்குத் தெரியும். இது அது இல்லை. கொடுப்பதற்கென்று இத்தனை மாதம் வைத்திருந்ததை இனி யாரும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தவரின் அழுகை. நல்ல செய்தி கொண்டுவந்த நான், உடுப்புக்கூட மாற்றாமல் பக்கத்தில் இருந்து, மடங்காத விரல்களால் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிட்டேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதும் எனக்குத் தெரிந்திருக்காது.